மேயர் இல்லாத ஊரில் ஆறு வருடம்: தண்ணீர், ரோடு, தீயணைப்பு எப்படி?

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு நாலு மைல். அந்த நாலு மைலுக்குள் ரோட்டுக்கு மூன்று சொந்தக்காரர்கள். முதல் அரை மைல் சுண்ணாம்புக்கல் ஜல்லி கொட்டிய தனிப்பாதை. அந்தத் தெருவில் இருக்கும் பதினோரு வீட்டுக்கும் பொது. அப்புறம் கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகத்தின், தார் பூசிய ரோடு. அது முட்டும் இடத்தில் தொடங்கும் எஃப்.எம். ரோடு, அதாவது ஃபார்ம் டு மார்க்கெட் ரோடு, மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. மழை மூன்றையும் ஒரே மாதிரிதான் அரிக்கிறது. ஆனால் எந்தப் பள்ளத்தை எந்த ஆபீஸில் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது. எங்கள் தனிப்பாதைப் பள்ளத்துக்கு ஆபீஸே கிடையாது. மண்வெட்டியோடு நாங்களே இறங்க வேண்டும்.

இது டெக்சஸ். ஆஸ்டினுக்குக் கிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் சின்னக் குடியிருப்பு. ஊர் என்று காட்ட ஒரு சர்ச், பூட்டிக் கிடக்கும் பருத்தி ஜின், இரண்டு ஷட்டர் வைத்த தீயணைப்பு நிலையம் இருக்கின்றன. ஆள் தொகை நூற்று நாற்பது இருக்கும். எந்த நகராட்சிக்குள்ளும் வராத இடம். இங்கே இதை அன்இன்கார்ப்பரேட்டட் என்பார்கள். மேயரும் இல்லை, நகர சபையும் இல்லை. 2019-ல் ஐந்து ஏக்கர் வாங்கிக்கொண்டு வந்தோம். இப்போது தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் மாதத்துக்கு ஒருவராவது போன் செய்து, "அந்தப் பக்கம் நிலம் வாங்கலாமா, சிட்டி டாக்ஸ் இல்லையாமே?" என்று கேட்கிறார்கள். இல்லைதான். அந்த வரி கட்டாததால் எது கிடைக்காது, எது வேறு வழியாகக் கிடைக்கிறது என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

போன வருடம் மாமனார் வந்து இரண்டு மாதம் இருந்தார். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு தடவை வார்டு மெம்பராக இருந்தவர். வந்த மூன்றாம் நாள் காலை நடந்துவிட்டு வந்து, "பஞ்சாயத்து ஆபீஸ் எங்கம்மா இருக்கு, கண்ணுலயே படலையே?" என்றார். "இங்க அப்படி ஒண்ணு கிடையாது மாமா" என்றேன். "அப்ப தண்ணி வரலேன்னா யாருகிட்ட சொல்லுவீங்க?" அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தபோதுதான், எங்கள் ஊரை ஆள்வது ஒரு ஆபீஸ் இல்லை, ஆறு ஏழு ஆபீஸ் என்பது எனக்கே முழுசாகப் புரிந்தது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் குறையே இல்லை. எங்களுக்குத் தண்ணீர் தருவது நீர் வழங்கல் சங்கம். மீட்டர் வைத்திருக்கும் எல்லாரும் உறுப்பினர்கள். இயக்குநர் குழுவை நாங்களே வருடா வருடம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். கிராமப்புற டெக்சஸில் இப்படிப்பட்ட சங்கங்கள் நிறைய. குழுவில் இருப்பவர்களில் ஒருவர் என் தெருக்காரர். அவர் நம்பர் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. 2021 பிப்ரவரி உறைபனியில் மாநிலத்தில் பல இடங்களில் மின்சாரம் போனபோது எங்கள் பம்பும் நின்றது. அந்த மனிதர் தன் வீட்டு ஜெனரேட்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், குழாயில் கொஞ்சம் தண்ணீர் வந்தால் போதும் என்கிற அளவுக்குப் பம்பை ஓட்டினார். பால் கேனை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகச் சீட்டு ஒட்டியவரும் அவர்தான்.

மின்சாரமும் கூட்டுறவுதான். 1930-களில் பெரிய மின் கம்பெனிகள் பண்ணைகளுக்குக் கம்பி இழுக்க மாட்டோம் என்றபோது, 1936-ன் கிராம மின்மயச் சட்டத்தில் கடன் வாங்கி விவசாயிகள் தாங்களே தொடங்கியவை இவை. ஆஸ்டினுக்கு மேற்கே இருக்கும் பெடர்னாலிஸ் கூட்டுறவு 1938-ல் வந்தது. அப்போது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, பின்னால் ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன் அதற்காக அலைந்தவர். எங்களுடையது சின்ன சங்கம். லாபம் மிஞ்சினால் உறுப்பினர் கணக்கில் வரவு வைத்து, சில வருடம் கழித்துச் செக் அனுப்புகிறார்கள். முதல் செக் 31 டாலர். பணம் பெரிதில்லை. கரண்ட் பில் அனுப்புகிற இடத்திலிருந்து பணம் திரும்பி வந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சாக்கடை இல்லை, அவரவர் நிலத்திலேயே கழிவுத்தொட்டி. எங்களுடையது காற்று ஊதிச் சுத்தப்படுத்தும் ஏரோபிக் வகை. சுத்தமான தண்ணீரைப் பின்பக்கப் புல்லில் தெளிக்கும். அனுமதி கவுண்டி தருகிறது. நாலு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து அறிக்கை போக வேண்டும், அதற்குப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது சமையலறை கிரானைட்டைத் தடவிப் பார்ப்பவர்கள், அந்தத் தொட்டி மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். குப்பைக்குத் தனியார் வண்டி, மாதம் 38 டாலர், வாரம் தவறாமல் வருகிறது.

போலீஸ் என்றால் கவுண்டியின் ஷெரிஃப். இரண்டு வருடம் முன்னால் யாரோ வேலியை வெட்டி இரண்டு ஆட்டைத் தூக்கிப் போனார்கள். துணை அதிகாரி வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. வந்தவர் பொறுமையாக எல்லாம் எழுதிக்கொண்டார், மரியாதையாகப் பேசினார். இரவு நேரத்தில் இவ்வளவு பெரிய பரப்புக்கு மூன்று நாலு வண்டிதான் சுற்றுகிறதாம். தனியாக இருக்கப் பயப்படுகிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி தீயணைப்பு. இந்த ஊரை விட்டுப் போகாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் கேட்டால் அந்த இரண்டு ஷட்டர் கட்டடத்தைக் காட்டுவேன்.

2022 ஆகஸ்டு. மாதக்கணக்கில் நல்ல மழை இல்லை. புல் நடந்தாலே நொறுங்கும். சாயங்காலம் நாலரை மணிக்குக் கவுண்டி ரோட்டில் போன ஒரு டிரெய்லரின் சங்கிலி தொங்கித் தாரில் உரசி, பொறி தெறித்து, ஓரத்துப் புல்லில் ஐந்து இடத்தில் பற்றிக்கொண்டது. காற்று எங்கள் பக்கம். நான் 911-ஐ அழைத்துவிட்டு ஆடுகளை அவிழ்த்துவிட ஓடினேன். பதினாலு நிமிடத்தில் முதல் வண்டி வந்தது. பிரஷ் டிரக் என்பார்கள், தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றிய பிக்கப். ஓட்டி வந்தவர் காலையில் என் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும் பஸ் டிரைவர் அம்மா. குழாயைப் பிடித்தவர் வெல்டிங் கடைக்காரர். சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. அமெரிக்காவின் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு வெகு மேலே இப்படித் தன்னார்வலர்கள்தான்.

எனக்கும் ஒரு ஃபிளாப்பரைக் கொடுத்தார்கள். நீளக் கம்பின் முனையில் கனத்த ரப்பர் பட்டை, அவ்வளவுதான். நான் பதற்றத்தில் ஓங்கி ஓங்கி அடித்தேன். பஸ் டிரைவர் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "அடிக்காதே, பொறி பறக்கும். அழுத்து. மூச்சு அடங்குகிற வரை அழுத்தி வை, அப்புறம் எடு" என்றார். அப்படித்தான் செய்தேன். வேலிக்கு நாற்பது அடி தள்ளித் தீ நின்றது. ஒன்பது ஏக்கர் கருகியது, எங்கள் நிலத்தில் ஒரு மூலையும் போனது.

தீ நின்றதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். நள்ளிரவு தாண்டியும் அங்கேயே இருந்தார்கள். கருகிய தரையில் வரிசையாக நடந்து, வேலிக் கம்பம் ஒவ்வொன்றின் அடியிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார்கள். காய்ந்த மாட்டுச் சாணியை ஒவ்வொன்றாகப் புரட்டித் தண்ணீர் அடித்தார்கள். மேலே சாம்பலாகத் தெரியும், உள்ளே வறட்டி மாதிரி கனன்றுகொண்டே இருக்கும். விடிகாலைக் காற்றுக்கு மறுபடி எழும்பிவிடும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், பாட்டி வீட்டு அடுப்பில் பார்த்ததுதான். இத்தனை தூரம் வந்து ஒரு வெள்ளைக்கார வெல்டர் அதை எனக்கு விளக்கினார்.

இந்தப் படைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாரும் கேட்க வேண்டும். எங்கள் பகுதியில் அவசரச் சேவை மாவட்டம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக இ.எஸ்.டி. மக்கள் ஓட்டுப் போட்டு உண்டாக்கியது. சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 10 சென்ட் வரை அது வரி போடலாம். அதற்கு மேல் போட மாநில அரசியல் சாசனம் விடாது. பெரும்பாலான கவுண்டிகளில் அதன் ஐந்து பேர் குழுவைக் கவுண்டி நியமிக்கிறது. அந்த வரி, மாநில வனத்துறை கிராமப் படைகளுக்குத் தரும் மானியம், இரண்டும் போக மீதி நாங்கள் போடும் மீன் வறுவல் விருந்தில்தான் வர வேண்டும். புது பிரஷ் டிரக்கின் பம்ப் அப்படி வாங்கியதுதான்.

எல்லா இடத்திலும் இந்த ஏற்பாடு இல்லை. டென்னசியின் ஓபியன் கவுண்டியில் 2010-ல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். நகராட்சிக்கு வெளியே இருந்தவர்கள் பக்கத்து ஊர்த் தீயணைப்புக்கு வருடம் 75 டாலர் சந்தா கட்ட வேண்டியிருந்தது. கட்டாத ஒரு வீடு பற்றியபோது வண்டி வந்தது, ஆனால் அணைக்கவில்லை. சந்தா கட்டியிருந்த பக்கத்து வீட்டு நிலத்துக்குத் தீ வராமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். வீடு முழுசும் போனது. நிலம் வாங்கும் முன் விசாரிக்க வேண்டிய முதல் கேள்வி எனக்கு இதுதான்: தீப்பிடித்தால் யார் வருவார்கள், அவர்களுக்கு யார் பணம் தருகிறார்கள்? இன்னொன்று, நிலையத்திலிருந்து ரோடு வழியாக எத்தனை மைல்? ஐந்து மைலைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பார்க்கும் தீக்காப்புத் தரவரிசையில் கடைசியான 10-ல் விழுவீர்கள், வீட்டு இன்சூரன்ஸ் ஏறும். எங்கள் வீடு 4.6 மைல். வாங்கும்போது அந்த விவரமே எங்களுக்குத் தெரியாது.

பக்கத்திலேயே பாஸ்ட்ராப் இருக்கிறது. 2011 செப்டம்பரில் அங்கே 34,000 ஏக்கர் எரிந்து, 1,600-க்கும் மேல் வீடுகள் போயின. அதனால் திறந்த வெளியில் எதையும் எரிக்கக் கூடாது என்று எரிப்புத் தடை அறிவித்தால் இங்கே யாரும் விளையாடுவதில்லை. அந்தத் தடையைப் போடுவது கவுண்டியின் கமிஷனர்ஸ் கோர்ட். பெயர் கோர்ட், வேலை நிர்வாகம். கவுண்டி ஜட்ஜ் தலைமையில் நாலு கமிஷனர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவு. டெக்சஸின் 254 கவுண்டியிலும் இதே அமைப்பு. எங்களுக்கு மேயர் மாதிரி என்று யாரையாவது காட்ட வேண்டுமானால் எங்கள் பிரிவின் கமிஷனரைத்தான் காட்ட முடியும், அவர் கையில் ரோடு இருக்கிறது.

கவுண்டி ரோட்டில் ஒரு ஓடை குறுக்கே போகிறது. அடியில் 18 அங்குலக் குழாய் ஒன்று. கனமழை பெய்தால் தண்ணீர் ரோட்டுக்கு மேலே வரும், பள்ளிப் பஸ் அந்தப் பக்கமே நின்றுவிடும். நான் போனில் சொன்னேன், ஈமெயில் போட்டேன், ஒன்றும் நகரவில்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்துக்கு நேரில் போனேன். பேச மூன்று நிமிடம் தருவார்கள். பஸ் நின்ற தேதிகளையும் போட்டோக்களையும் காகிதத்தில் அச்செடுத்து ஐந்து பேருக்கும் ஒவ்வொரு கட்டு கொடுத்தேன். இரண்டாம் தடவை பஸ் டிரைவர் அம்மாவையும் கூட்டிப் போனேன். மூன்றாம் தடவை போவதற்கு முன்னாலேயே கமிஷனர் தன் பிக்கப்பில் வந்து இறங்கினார். ஓடைக்குள் பூட்ஸோடு நின்று டேப்பால் அளந்தார். டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். பதினாலு மாதம் ஆனது, ஆனால் இப்போது அங்கே 30 அங்குலக் குழாய் இரண்டு கிடக்கிறது. அதற்கப்புறம் பஸ் நின்றதில்லை.

இந்தக் கவுண்டிக்கு முடிகிற காரியத்தில் நல்ல மதிப்பெண் தருவேன். சிக்கல், அதற்கு முடியாததில் இருக்கிறது. எங்கள் தனிப்பாதை அதில் ஒன்று. தனியார் பாதையில் பொதுப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது, அவ்வளவுதான். வீட்டை விற்ற ஏஜெண்ட் "ரோடு கவுண்டி பார்த்துக்கும்" என்றே சொன்னார். பதினோரு வீடும் வருடம் 150 டாலர் போட்டு ஜல்லி வாங்கி, பக்கத்து வீட்டு டிராக்டரில் இழுத்துச் சமன் செய்கிறோம். இது பரவாயில்லை. இதைவிடப் பெரியது ஒன்று வந்தது.

மூன்று வருடம் முன்னால் எங்கள் தெருவுக்கு எதிரே இருந்த மேய்ச்சல் நிலத்தை ஒருவர் வாங்கி, கான்கிரீட் கலவை ஆலை போட விண்ணப்பித்தார். ஊரே தீயணைப்பு நிலையத்தில் கூடியது. எல்லாரும் கமிஷனர்ஸ் கோர்ட்டுக்குப் போனோம். அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள்: எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. டெக்சஸில் பெரிய நகராட்சி, சட்டம் தடுக்காத எந்த விதியையும் போடலாம். கவுண்டியோ சட்டம் கையில் கொடுத்ததை மட்டும்தான் செய்யலாம், இந்த நிலத்தில் இன்னது வரக் கூடாது என்று வகுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அதற்குக் கொடுக்கப்படவே இல்லை. ஆலைக்கு அனுமதி மாநிலத்திடமிருந்து. அதை எதிர்த்து முறையான விசாரணை கேட்க வேண்டுமானால் ஆலையிலிருந்து 440 கஜத்துக்குள் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குள் இரண்டே வீடு. எங்கள் வீடு 600 கஜத்தில். தூசும் சத்தமும் தாராளமாக வந்து சேர்கிற தூரம், ஆனால் சட்டத்தின் கண்ணில் எனக்கு இதில் சம்பந்தமே இல்லை.

ஆலை வந்துவிட்டது. விடிகாலை நாலரைக்கு லாரிகள் பின்னால் வரும்போது அடிக்கும் பீப் சத்தம் கேட்கிறது. துணி வெளியே காயப்போடுவதை நிறுத்திவிட்டேன். இதைப் பற்றி எழுதும்போது இன்னமும் கோபம் வருகிறது. வரிக்குப் பயந்து நகராட்சிக்கு வெளியே வருகிறவர்கள் இந்த ஒரு பத்தியை இரண்டு தடவை படியுங்கள். உங்கள் நிலத்தில் உங்களைத் தடுக்க ஆளில்லை என்பது சந்தோஷமாக இருக்கும். எதிர் நிலத்துக்காரரைத் தடுக்கவும் ஆளில்லை. சுற்றியிருக்கும் மனைகளின் பத்திரத்தில் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றனவா என்று கவுண்டி கிளார்க் ஆபீஸில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இங்கே உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் அந்தக் காகிதம்தான்.

ஆலைக்காக ஊர் கூடிய அந்தக் கூட்டத்தில், நாமே நகராட்சி ஆகிவிட்டால் என்ன என்று பேச்சு வந்தது. குறைந்தது 201 பேர் குடியிருந்தால்தான் டெக்சஸில் விண்ணப்பிக்கவே முடியும். எங்களிடம் ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் எல்லாருக்கும் அந்த ஆசை வருவதில்லை. ஹூஸ்டனுக்கு வடக்கே இருக்கும் தி உட்லண்ட்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள். 2021-ல் நகரமாகலாமா என்று ஓட்டெடுத்து, வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்து நகரம் எங்களை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் என்ற பயம் மட்டும் இப்போது இல்லை. 2019-ல் வந்த சட்டத்துக்கப்புறம் குடியிருப்பவர்கள் சம்மதம் இல்லாமல் அப்படிச் சேர்ப்பது அநேகமாக முடியாது.

இன்னொரு விஷயம் புதிதாக வருகிறவர்களை எப்போதும் குழப்புகிறது. எங்கள் தபால் முகவரியில் ஒரு நகரத்தின் பெயர் இருக்கிறது. அந்த நகரத்தின் மேயரை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே இருக்கும் நூலகத்துக்கும் வெளியூர்க்காரர் கட்டணம் கட்டித்தான் போகிறோம். அது தபால் நிலையத்தின் பெயர், அவ்வளவே. எந்தெந்தத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு இருக்கிறது என்பது உங்கள் வாக்காளர் அட்டையில் எண்களாக இருக்கும், சொத்து வரி ரசீதில் வரி வாங்குகிற அமைப்புகளின் பெயர் ஒவ்வொன்றாக இருக்கும். எங்கள் ரசீதில் கவுண்டி, பள்ளி மாவட்டம், இ.எஸ்.டி. என்று வரிசையாக வருகிறது. மாமனாருக்கு நான் கடைசியில் அந்த ரசீதைத்தான் எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். "எல்லாம் இருக்கும்மா. ஒரே கூரைக்குக் கீழ இல்ல, அவ்வளவுதான்" என்றார். ஊருக்குத் திரும்பும் முன்னால் என்னோடு ஒரு தடவை இ.எஸ்.டி. கூட்டத்துக்கும் வந்து, கடைசி வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

வருவதென்று முடிவு செய்துவிட்டால், குடிவந்த வாரமே தீயணைப்பு நிலையத்தில் வீட்டு எண் பலகை வாங்கி கேட்டில் மாட்டிவிடுங்கள். பச்சைத் தகடு, இரவில் வெளிச்சம் பட்டால் எண் பளிச்சென்று தெரியும். எங்கள் நிலையத்தில் 20 டாலர், சனிக்கிழமை காலையில் ஆள் இருப்பார்கள். இரண்டு பக்கமும் எண் இருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள்; வண்டி எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது.